சேரப்போகிறவர்

டாக்டர் சொன்னது இரண்டே வார்த்தை: "கொஞ்சம் நடங்க."

மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 காட்டியிருந்தது. 5.7ஐத் தொட்டால் எச்சரிக்கை, 6.5ஐத் தொட்டால் வியாதி. இரண்டுக்கும் நடுவே இருப்பதை நம் ஊரில் 'பார்டர்' என்பார்கள். பார்டர் என்று கேள்விப்பட்டதும் மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடுத்த பரிசோதனையில் அவர்கள் பாட்டுக்கு 5.8 வாங்கிவிடுவார்கள். நம்மவர் அப்படிப்பட்டவர் அல்லர். ஐம்பது வயதுக்கு மேல் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. முறைப்படி என்றால் கிளாஸ். எந்த கிளாஸ்? அந்தக் கேள்விக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

இவரைச் சேரப்போகிறவர் என்று குறிப்பிடலாம். மயிலாப்பூர், நங்கநல்லூர், அண்ணாநகர், எங்கே வேண்டுமானாலும் கிடைப்பார். பெரும்பாலும் வங்கி அல்லது இன்சூரன்ஸ். பையன் பெங்களூரில், பெண் அமெரிக்காவில். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. கேட்டால் வெயில் காலம் என்பார். எப்போது பார்த்தாலும், "அடுத்த மாசம் சேர்றேன் சார்" என்பார். மனமறிந்து சொல்லும் பொய் இல்லை அது. ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே சொல்கிறார்.

முதலில் ஷூ வாங்கினார். அப்புறம் வியர்வையை உறிஞ்சும் பனியன். அப்புறம் ஊதா நிறத்தில் ஒரு யோகா பாய். பாய் இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. வடாம் பிழிய அதைவிட வசதி வேறில்லை, காய்ந்ததும் ஒட்டாமல் வருகிறது என்று வீட்டம்மா சொல்கிறார். இவ்வளவும் வாங்கிய பிறகு எக்ஸெல்லில் ஓர் அட்டவணை போட்டார். மாதக் கட்டணம், வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு விழுகிறது, ஏசி உண்டா, வண்டி நிறுத்த நிழல் உண்டா, மாஸ்டரின் வயது, கூட இருப்பவர்களின் சராசரி வயது. கடைசிக் கட்டத்துக்குத்தான் அதிக மதிப்பெண். வகுப்பில் தம்மைவிடக் குனிய முடியாதவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம். வெளியில் சொல்லமாட்டார்.

அட்டவணையை நிரப்ப ஊரில் உள்ள இலவச வகுப்புகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போனார். அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போனவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்திருப்பார்களே, அந்தத் தோரணைதான். முதல் வகுப்பு இலவசம் என்று பலகை வைத்தவர்கள் இப்படி ஒருவர் உண்டு என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

ஜிம்மில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருந்த பெண், "யாருக்கு சார், பையனுக்கா?" என்றாள். பாதி உற்சாகம் அங்கேயே இறங்கிவிட்டது. "எனக்குத்தாம்மா" என்றதும் ஒரு படிவத்தை நீட்டினாள். நெஞ்சுவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, மூட்டில் தொந்தரவு உண்டா, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? புதிதாகச் சேருகிற யாரிடமும் கேட்டாக வேண்டிய கேள்விகள். நம்மவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தார். சின்னப் பெண் எதிரில் ஆமாம் போடக் கை வரவில்லை. மாத்திரை அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது.

பிறகு ஒரு மெஷின். வெறுங்காலோடு ஏறி இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்புக்குள் தெரியாத அளவுக்கு மின்சாரத்தை ஓட்டி, கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று சீட்டு அடித்துத் தரும். சீட்டின் அடியில் 'உடம்பின் வயது' என்று ஒரு வரி. ஆதார் அட்டைப்படி அவருக்கு 53. சீட்டின்படி 61.

"அறுபத்தொண்ணுன்னா சீனியர் சிட்டிசன் ஆச்சே" என்றார் அந்தப் பெண்ணிடம். "ரயில்ல சலுகையாவது கிடைக்கணும். அதையும் 2020லயே நிறுத்திட்டான்."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வயது சீட்டிலும் இருபத்திரண்டுதான் இருக்கும்.

மாஸ்டர் என்று வந்தவன் தையல் பிரிந்துவிடும்போல் ஒரு டி-ஷர்ட் போட்ட பையன். "பயப்படாதீங்க அங்கிள், பிகினர் பேட்ச்தான்." அங்கிள் என்றது ஒரு காயம். பிகினர் என்றது அதைவிடப் பெரிய ஏமாற்று. 'ஆரம்பநிலை வகுப்பு' என்று எழுதிப்போட்ட இடங்களில் ஆரம்பிக்கிறவர் எவரும் இருப்பதில்லை. நாலைந்து வருஷமாக அதே பேட்ச்சில் இருந்துகொண்டு, மேலே போக மனமில்லாதவர்கள்தாம் முன்வரிசை முழுக்க. அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். மாஸ்டர் வாய் திறக்குமுன்னே இடது காலைத் தூக்குகிறார்கள். உண்மையான ஆரம்பக்காரர் கடைசி வரிசையில், தூண் மறைவில், எந்தக் கால் என்று தேடிக்கொண்டிருப்பார்.

நம்மவரை உட்கார்ந்து எழச் சொன்னான் பையன். எண்ணிக்கை அவன் பொறுப்பு. எட்டு, ஒன்பது, பத்து. "சூப்பர் அங்கிள், லாஸ்ட் ஃபைவ்." அது முடிந்ததும், "லாஸ்ட் த்ரீ." வாழ்நாளெல்லாம் பேரேட்டை ஒப்புப் பார்த்தவருக்குப் பத்துக்குப் பின் ஐந்தும் மூன்றும் வருவது பொறுக்கவில்லை. "தம்பி, பத்துன்னு சொன்னா பத்தோட முடியணும்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

மறுநாள் சமாளித்தார். அதற்கு மறுநாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. புதிதாக வேலை வாங்கிய தசை இரண்டாம் நாள்தான் அதிகம் வலிக்கும், சில நாளில் தானாக அடங்கும். அந்தப் பையன் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருந்தால் ஒரு எக்ஸ்ரே செலவு மிஞ்சியிருக்கும்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் சாதாரண சோம்பேறி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் படிக்க உட்கார்ந்தார். உடற்பயிற்சியின் சரித்திரத்தை அவர் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பவர் எந்த ஜிம்மிலும் இருக்கமாட்டார். ஒவ்வொரு தகவலும் ஒரு வகுப்பைத் தவிர்க்கப் பயன்பட்டது.

டிரெட்மில்லா? 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் சிறைக் கைதிகளை வேலை வாங்குவதற்கென்று செய்த மிதிசக்கரம்தான் அதன் பாட்டன். "தண்டனைக்குக் கண்டுபிடிச்சதுல நான் காசு கொடுத்து ஏறணுமா?" பிலாட்டீஸ்? ஜோசப் பிலாட்டீஸ் ஜெர்மன்காரர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அவரைப் பிடித்து முகாமில் அடைத்துவைத்த காலத்தில் உருவான பயிற்சி. "இதுவும் ஜெயில் சரக்குதான் சார்." தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே? 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து கிளம்பிய கணக்கு அது. "விளம்பரத்துக்காக நான் நடக்கணுமா?" இந்த மூன்றும் உண்மைத் தகவல்கள்தாம், மறுக்க முடியாது. அதுதான் இவரோடு பேசுவதில் உள்ள கஷ்டம்.

ஸும்பாவுக்கும் போனார். கொலம்பியாவில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்த பெட்டோ பெரெஸ் ஒருநாள் பாட்டு கேசட்டை மறந்துவிட்டு வந்து, கையிலிருந்த சல்சா கேசட்டைப் போட்டு ஒப்பேற்றியதில் பிறந்த ஆட்டம் என்று போகுமுன்னே வீட்டில் விளக்கினார். மந்தைவெளி மாடியில் சல்சா ஒலிக்கவில்லை, குத்துப்பாட்டு ஒலித்தது. டீச்சர் எதிரில் நின்று இடப்பக்கம் போனால் நாம் வலமா இடமா என்று அவர் தீர்மானிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் மெதுவாக ஆடும் 'ஸும்பா கோல்டு' தனியாக உண்டு என்று டீச்சர் ஆறுதல் சொன்னார். கோல்டு என்றதும் கட்டணம் அதிகமோ என்று பயந்து விசாரிக்காமலே இறங்கிவிட்டார்.

சிரிப்பு மன்றம் நாகேஸ்வர ராவ் பூங்காவில். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்தவரின் பெயரிலுள்ள பூங்காவில் கைகால் வலிக்கப் பயிற்சி செய்வது எவ்வளவு பொருத்தம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லிவிட்டேன். இவருக்குச் சிரிக்க வரவில்லை. "ஜோக்கே சொல்லாம எப்படி சார் சிரிக்கிறது?" மும்பையில் டாக்டர் மதன் கடாரியா 1995இல் இதை ஆரம்பித்தபோது முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் கைவசம் இருந்த ஜோக் தீர்ந்துபோகவே, சும்மாவே சிரிக்கத் தீர்மானித்தார்கள். இதுவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

யோகா வகுப்பில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் பெல்ட், கட்டை, நாற்காலி எல்லாம் வைத்துக்கொண்டு, குனிய முடியாதவரையும் குனிய வைக்கிறார்கள். ஐயங்காரே சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று படுத்துக் கிடந்தவர்தான் என்று மாஸ்டர் தைரியம் சொன்னார். "அவர் பதினஞ்சு பதினாறு வயசுல ஆரம்பிச்சார் சார், என் வயசுலயா?" என்று இவர் கேட்டார். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சிக்கும் ஒரு நாள் போய் உட்கார்ந்தார். கை, கால், மூச்சு, மகராசனம் என்று படிப்படியாகப் போகும்; எழுபது வயதுப் பாட்டி பக்கத்தில் அமைதியாகச் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அட்டவணையில் 'வேர்க்கவில்லை' என்று எழுதினார். ஜிம்முக்கு நேரான கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: 'வேர்க்கிறது'.

மாதங்களும் அவருக்கு ஒத்துழைக்கின்றன. ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் விடியற்காலைப் பனி காதுக்கு ஆகாது. அந்தக் காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு சாயங்காலம் சபா கேன்டீனுக்குப் போகலாம், அது வேறு. சித்திரை வெயிலில் யார் ஓடுவார்கள்? தை பிறந்தால் வழி பிறக்கும். தையில் ஜிம்காரர்கள் ஒரு வருஷம் கட்டினால் மூன்று மாதம் இலவசம் என்பார்கள். அடுத்த தையில் நாலு மாதம் தருவார்களோ என்று பொறுத்திருக்கிறார்.

இதற்கிடையில் அவர் வீட்டம்மா எந்த கிளாஸையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர் ஃப்ளாட் பெண்மணி ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மணியடித்து, "வாங்கக்கா, போய்ட்டு வந்துடலாம்" என்றார். போனார். புடவைக்குக் கீழே கணவரின் அந்த ஷூவுக்குப் போட்டியாக மகள் வாங்கித் தந்த ஷூ. மாநகராட்சிப் பூங்காவில் மூன்று சுற்று, மாமியார் கதை இரண்டு சுற்று, பிறகு ஒருத்தி போனில் போடும் பாட்டுக்குக் கையைக் காலை ஆட்டல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் சரியான வேகம் என்று டாக்டர்கள் சொல்வதை அந்தக் கோஷ்டி தெரியாமலே கடைப்பிடிக்கிறது. வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. நம்மவர் இதை ஆராய்ந்து, "உங்களோடது ஸ்ட்ரக்சர்டு ப்ரோகிராம் கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"சரி, வரும்போது உங்களுக்கு அருகம்புல் ஜூஸ் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று, படித்தது வீண்போகவில்லை. குடியிருப்பில் யாருக்கு பார்டர் வந்தாலும் இப்போது முதலில் இவர் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். இவரும் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பொறுமையாகச் சொல்கிறார். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் போகும் இடமே வேண்டாம், மழை பெய்தால் போகமாட்டீர்கள். வருஷப் பணம் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்காத மாஸ்டரிடம் சேராதீர்கள். படிவத்தில் உண்மையை எழுதுங்கள், மாத்திரை சாப்பிட்டால் சாப்பிடுகிறேன் என்று எழுதுங்கள். கண்ணில் கிளாக்கோமா இருந்தால் தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நிற்காதீர்கள். உட்கார்ந்து எழ முடியாதவருக்கு நாற்காலி போட்டுச் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை, இரண்டு நாள் தசைக்கு வேலை, உலக சுகாதார நிறுவனம் சொல்வது அவ்வளவுதான். நடை மட்டும் தசைக்குப் போதாது. முதல் வாரம் பாதியில் நிறுத்தி உட்காருங்கள், ஒருத்தரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இதில் ஒரு சொல் தப்பில்லை. எந்த மாஸ்டரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இவர் பேச்சைக் கேட்டு இரண்டாம் மாடி ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் யோகாவில் சேர்ந்து, இப்போது சம்மணம் போட்டுக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார். நாலாம் மாடி அம்மாள் ஸும்பா கோல்டில் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

சென்ற வாரம் புதிதாகக் குடிவந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, காப்பியையும் குடித்து முடித்து, வாசல் வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "நீங்க எந்த கிளாஸுக்கு சார் போறீங்க?"

நம்மவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"நானா? எல்லாத்துக்கும் போயிருக்கேன்."