பூட்டிய பீரோ

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ‘விசாரணை நடக்கிறது, தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வருகிறதே, விசாரணை எப்போதுதான் முடியும்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முடிந்தால் கோப்பைக் காட்ட வேண்டுமே, அவசரப்படுவார்களா! ‘விசாரணை நடக்கிறது’ என்பது மட்டும் காரணமாகாது. தகவலைத் தந்தால் என்ன இடையூறு என்று விளக்க வேண்டும் என 2007-இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சி பெயரையும் துப்புக் கொடுத்தவர் விலாசத்தையும் மறைக்கட்டும், நியாயம். அந்த வரிகளை மட்டும் அடித்துவிட்டு மீதியைத் தர 10-ஆவது பிரிவு இருக்க, மொத்தக் கட்டையும் பீரோவில் பூட்டுவானேன்? 2011-இல் சி.பி.ஐ.க்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆனால், ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு அது பொருந்தாதாம். ஊழலை விட்டால் சி.பி.ஐ.யிடம் நாம் வேறென்ன கேட்கப்போகிறோம், கேன்டீன் மெனுவா? நீங்கள் 30 நாளுக்குள் மேல்முறையீடு போடுங்கள்.