கரிக்குப் பேர் வைக்க வந்த தம்பிக்கு

தீர்த்தமலைக்கு வர்றவங்க இராமர் தீர்த்தத்துல தலையைக் காட்டுவாங்க. நீங்க பாறை இடுக்குல ஓரிதழ் தாமரைக்கு முன்னால குப்புறக் கிடந்தீங்களாம். ஆடு மேய்க்கிற பையன், "யாரோ மயங்கி விழுந்துட்டாங்க"ன்னு ஓடி வந்தான்!

சீமையில வயலட்டுன்னு ஒரு பூவாம். அதோட இலையும் காம்பும் கொப்புளம் கட்டி, வெடிச்சாக் கரி கொட்டுமாம். ஓரிதழ் தாமரையும் அதே குடும்பங்கிறதால இங்கேயும் இருக்கணும்னு உங்க கணக்கு. நல்ல கணக்கு! சம்பந்தி வீட்ல சளி பிடிச்சா நமக்கும் தும்மல் வரணுமில்ல?

போனை உள்ளே வைங்க. கொப்புளம் இருந்தா விரலால தேய்ச்சுப் பாருங்க. செங்காவியா ஒட்டினா துரு நோய். கரியா ஒட்டினா கரிப்பூட்டை நோயான்னு சந்தேகப்படலாம். மிச்சத்தை மைக்ராஸ்கோப்பு சொல்லட்டும்: வயலட்டுக் கரிப்பூட்டைன்னா நடுவுல சில கருத்த வித்து, சுத்தியும் வெளிறிப்போன மலட்டுச் செல்லு இருக்கணும்.

அதுவரைக்கும் என் சோளக்கொல்லைக்கு வாங்க. ஒரே பயிருல நாலு கரி. கதிர் நல்லாத்தான் நிக்கும். மணி இருக்கிற இடத்துல சாம்பல் நிறப் பை. அடிக்கிறப்பத்தான் வெடிக்கும், பக்கத்து நல்ல விதையிலயும் ஒட்டிக்கும். இது மணிக்கரிப்பூட்டை. பை சீக்கிரமே கிழிஞ்சு, உள்ள நீட்டு நடுத்தண்டு தெரிஞ்சு, செடியும் குட்டையா நின்னா உதிரிக்கரிப்பூட்டை. கதிருக்குப் பதிலா வெள்ளைத் தோல் போர்த்தின கட்டியே வெளிய வந்தா தலைக்கரிப்பூட்டை; கிழிச்சா உள்ள கறுத்த நார் இருக்கும். அங்கொண்ணு இங்கொண்ணா நீண்டு, லேசா வளைஞ்ச பை தெரிஞ்சா நீள்கரிப்பூட்டை. படிச்சவங்களே தடுமாறுற இடம் இது. முண்ட்குரும் திருமலாச்சாரும் 1952-லயே இந்தியக் கரிப்பூட்டைகளுக்குப் புத்தகம் போட்டாங்க. சிறுதானிய நோய்களுக்கு டி. எஸ். ராமகிருஷ்ணன் 1963-ல எழுதினாரு. நீங்க படிச்சிருப்பீங்க, அட்டையையாவது.

பேர் தெரியறதுல லாபம் இருக்குது தம்பி. மணிக்கரி விதையோட வருது. கிலோவுக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலந்து விதைச்சா அடங்கும். தலைக்கரி மண்ணுல கிடந்து வருது. கந்தகம் அதுகிட்ட எடுபடாது. கட்டி வெடிக்கிறதுக்கு முன்னால காகிதப் பையைப் போட்டு மூடி, வெட்டிக் கொளுத்தணும்.

நாளைக்கு விடியக்காலையில பையோட வந்துருங்க. வெட்ட ஆள் பத்தல. கூலி கேட்க மாட்டீங்க, நீங்க ஆராய்ச்சிக்காரரு.