கூரையில்லாக் காரின் வரவு செலவு

பர்மிங்காம்,
மார்கழி மாதம்.

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்திவரும் பெரியப்பா அவர்களுக்கு, அன்னாரின் தம்பி மகன் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

பழைய ஸ்போர்ட்ஸ் காரை முதல் காராக வாங்குவோர்க்கு இங்கிலாந்தில் ஆகும் செலவுகளில் மிகச் சிறியது காரின் விலையே ஆகும். 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற, இருவர் மட்டுமே அமரக்கூடிய, துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடத்தக்க, 1,000 கிலோவை எட்டாத சிறு வண்டிகள் வயதேறியபின் ஏறக்குறைய ஒரு புது புல்லட்டின் விலைக்கே கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு இன்சூரன்ஸ் போடப் போனால், இந்நாட்டு உரிமத்தின் வயது என்ன என்று வினவப்படுவதால், காந்திபுரத்திலும் உக்கடத்திலும் பத்தாண்டுகள் ஓட்டிப் பிழைத்த அனுபவம் பெரும்பாலும் கணக்கில் ஏறாமல் போகிறது.

அடுத்து வருவது எம்.ஓ.டி. எனப்படும் சோதனை, அதாவது 3 ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் பெற்றாக வேண்டிய தகுதிச் சான்று. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையெங்கும் உப்பைத் தூவுவது இந்நாட்டு வழக்கம். அவ்வுப்பு அடித்தகட்டைத் தின்ன, கூரைநீர் வடியும் துளைகளில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால், ‘சில்’ எனப்படும், கதவுக்கடியில் ஓடும் பெட்டி வடிவத் தகட்டுக்குள் நீர் தேங்கி உள்ளிருந்தும் துரு ஏறுகிறது. மேற்படி தம்பி மகன் வாங்கிய வண்டியில் அத்துளைகளைச் சுத்தம் செய்யத் தவறியது அவரே என்பதால் பழி வேறெவர்க்கும் உரியதன்று. திருகுளியால் குத்தியதும் தகடு அப்பளமாய் நொறுங்கிய காட்சியை வீடியோ அழைப்பில் கண்ட பெரியப்பா, “ஏங்கண்ணு, மேலதான் கூரையில்லைன்னா, கீழயும் தகடு இல்லீங்களா?” என்று கேட்டருளியதற்கு இன்றளவும் மறுமொழி கிடைக்கவில்லை.

பாகங்களின் விலை தாங்கக்கூடியதே. அவற்றை மாட்டுபவரின் மணிக்கூலிதான் மென்பொருள் பொறியாளரான தம்பி மகனையும் தரையில் படுக்க வைக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவும், மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனும் வாழ்ந்த ஊரில் பிறந்து, “பட்டறைக் கரி கையில் ஒட்டும்” என்று கல்லூரிக் காலத்தில் விலகி ஓடியவர், இப்போது சனிக்கிழமைதோறும் ஈரத் தரையில் முதுகு பட, ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்கடியில் கிடந்து, டைமிங் பெல்ட்டை, அதாவது எஞ்சினின் வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூடச் செய்யும் பல்வார்ப் பட்டையை, மாற்றக் கற்றுவருகிறார் என்பது பெரியப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி தரும் செய்தியாகவே இருக்கும். வெயில் எட்டிப்பார்க்கும் அரைநாளில் கூரையை மடித்துவிட்டு ஓட்டும் சுகமும் உண்டென்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அத்தகைய அரைநாள் சென்ற மாதத்தில் ஒன்றே வாய்த்தது.

கியர் தண்டின் அடியிலுள்ள புஷ் எனப்படும் சிறு பிளாஸ்டிக் உறை தேய்ந்து, மூன்றாம் கியரைத் தேடினால் ஐந்தாம் கியர் அகப்படுகிறது. ஆகவே, பெரியம்மா அனுப்பவுள்ள பார்சலில் முறுக்கைச் சற்றுக் குறைத்து, இத்துடன் உள்ள அளவுப்படி கன்மெட்டலில் கடைந்த புஷ் ஒன்றை, இல்லை, இரண்டாகவே, வைக்குமாறு வேண்டப்படுகிறது.