பாக்கிச் சில்லறையும் நகர்காண் படலமும்: ஓர் ஆய்வு

முன்னுரை

சென்னையைச் சுற்றிப் பார்ப்பது பற்றி நூல்கள் பல உள. மாநகரப் பேருந்து பற்றியும் உள. ஆனால், பேருந்தில் ஏறி நகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஒருவர், கண்டக்டரிடம் நிற்கும் தம் பாக்கிச் சில்லறையைத் தவிர வேறெதையும் பாராமல் இறங்கிப் போகும் நிகழ்வை ஆய்வுலகம் இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. இத்துறையில் முன்னோடி ஆய்வு எதுவும் இல்லாமையால் இதுவே முன்னோடி ஆய்வாகிறது. பாக்கிச் சில்லறை பற்றிச் சங்க இலக்கியத்தில் குறிப்பு இல்லை. நிதி ஒதுக்கினால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆய்வு எல்லை

மெட்ரோ ரயில் (2015 முதல்): பாக்கித் தொல்லை இல்லை, அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கத்தில் போவதால் பார்க்கவும் ஒன்றுமில்லை.

பறக்கும் ரயில் (1995 முதல்): உயரத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயைக் காணலாம், காணாவிட்டாலும் தெரியும்.

டிராம் (1895–1953): அதில் ஏறியே இராத ஆய்வாளர்கள் அதைப் பொற்காலம் என்பர்.

ஆட்டோ: பாக்கி என்னும் கருத்தாக்கமே அங்கு ஏற்கப்படுவதில்லை.

மகளிர்: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இவர்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் பாக்கியும் இல்லை. ஆதலால் சென்னையை உண்மையாகவே பார்த்தவர்கள் இவர்கள் மட்டுமே என்பது இவ்வாய்வின் துணை முடிபு.

எஞ்சுவது, நூறு ரூபாய்த் தாளோடு ஏறிய ஆண்பிள்ளை. அவரே ஆய்வுப் பொருள்.

கருதுகோள்

பாக்கி எத்திசையோ, கண்ணும் அத்திசை.

ஆய்வுக் களம்

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி. சுற்றிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. வழியில் 1973-இல் கட்டிய ஜெமினி மேம்பாலம் உண்டு; அதன் அருகே முன்னங்கால் தூக்கிய குதிரையைப் பிடித்து நிற்கும் மனிதனின் சிலை உண்டு. அடையாற்றைக் கடக்கத் திரு.வி.க. பாலம், அதன் தென்கரையில் பிரம்மஞான சபை 1882-இல் வந்து குடியேறிய பெருந்தோட்டம், கடைசியில் கடற்கரை. அங்கே, நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம்.

இவற்றுள் ஒன்றையும் நம் பயணி காண்பதில்லை. காரணம் அமைப்பியல் சார்ந்தது. சென்னையில் கண்டக்டர் பின்வாசல் அருகே தம் சீட்டில் உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் நிற்பவர் தாளை நீட்டி “ஒரு பெசன்ட் நகர், பாஸ் பண்ணுங்க” என்றால், அது தெரியாதவர் கைகள் பலவற்றைக் கடந்து பின்னால் போகிறது. திரும்பி வருவது டிக்கெட் மட்டும். கூடவே ஒரு குரல்: “சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்கங்க.” அக்கணம் பயணியின் கழுத்து பின்னோக்கித் திரும்புகிறது. பெசன்ட் நகர் வரை அது நேராவதில்லை. ஜெமினியில் குதிரை முன்னங்காலைத் தூக்கும் நேரம், இவர் கண்டக்டர் பையைத் தூக்குகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பாக்கியின் வகைகள்

1. உடன் பாக்கி: அரிது.

2. கூட்டுப் பாக்கி: முன்பின் தெரியாத இருவருக்குச் சேர்த்து ஒரே தாளைக் கொடுத்து, “ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க” என்பது. நகரில் நட்பு தோன்றும் முறை இதுவே என்பார் ஒரு சாரார். பகை தோன்றும் முறை என்பார் மறுசாரார்.

3. எழுத்துப் பாக்கி: டிக்கெட்டின் பின்புறம் கண்டக்டர் தொகையை எழுதித் தருவது. இது விரித்துரைக்கற்பாலது.

ஓடும் வண்டியில், ஒரு கையில் டிக்கெட்டோடு, வேகத்தடையின் மேல் எழுதப்படும் இவ்வெழுத்து வட்டெழுத்தினும் கடினமானது. நம் பயணியின் டிக்கெட்டில் இருப்பது ‘80’. இதை ‘30’ எனப் பாடங்கொள்வாரும் உளர் (முன் இருக்கை முதுகுக் கல்வெட்டு, சாவியால் கீறியது, இதயக்குறிக்குக் கீழ் இரண்டாம் வரி). அது பொருந்தாது. கொடுத்தது நூறு ரூபாய் என்பதற்குப் பக்கத்து இருக்கைக்காரர் புறச்சான்று. பர்ஸில் அந்த நூறு இல்லாதது அகச்சான்று. ‘80’ என்பது பாக்கியே அன்று, ஸ்டேஜ் எண் என்பது இன்னொரு கொள்கை (சட்டைப்பைப் பதிப்பு, வியர்வையில் நனைந்தது, ஓரம் பல்குத்தக் கிழிக்கப்பட்டது). இவ்விரண்டையும் மறுத்து மூன்றாம் கொள்கை ஒன்று எழுந்தது (சலவைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பு, இஸ்திரிக்காரர் கண்டெடுத்து, சூடு காட்டி, செம்மை செய்தது, எழுத்து முற்றும் அழிந்தமையால் ஐயத்துக்கு இடமில்லாதது). பிரதியில் ஒன்றுமில்லாத இடத்தில்தான் பதிப்பாசிரியர் முன்னுரை மிக நீண்டிருக்கும் என்பது நம் பதிப்புலகம் அறிந்தது.

4. மறந்த பாக்கி: கழுத்து வலிக்க வலிக்கப் பின்னால் பார்த்து வந்தவர், ஸ்டாப் வந்த அவசரத்தில் முன்வாசல் வழியே இறங்கிவிடுவார். பின்வாசலிலிருந்து விசிலும் “சார், பாக்கி!” என்ற குரலும் வரும். கண்டக்டர் மறப்பதில்லை. வழியெல்லாம் கண்காணித்த பயணியே மறக்கிறார். இது கருதுகோளுக்கு முரணாக இருப்பதால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

முடிவுரை

நகரைக் காண விரும்புவோர் சரியான சில்லறையோடு ஏறவேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு. இதே வாசகம் பேருந்துக்குள் பெயின்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதே என்று வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடும். ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு தெரிந்திருப்பது நம் பல்கலைக்கழகங்களில் ஒருபோதும் குறையாகக் கருதப்பட்டதில்லை.