பைப்பில் வரும் பிளேன்டீ

கேள்வி: எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் பாட்டன் காலத்து இரும்புப் பைப். காலையில் திறந்தால் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வருகிறது. வெளியே பார்த்தால் பைப் திடமாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: தேயிலைக்குப் பேர்போன பொகவந்தலாவையில் சாயம் கோப்பைக்குள் இறங்கினால் பெருமை, பைப்பிலேயே இறங்கி வந்தால் ஆபத்து!

திடமாகத் தெரிவதை நம்பாதீர்கள். உங்கள் பைப் வார்ப்பிரும்பாக இருக்கலாம்; வார்ப்பிரும்பில் கரியும் கலந்திருக்கிறது. மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, சற்றுப் புளிப்புத்தன்மையும் உண்டு. அது இரும்பை மெல்ல மெல்லத் தின்றுவிட்டுக் கரியை மட்டும் விட்டுவைக்கும். உருவம் அப்படியே நிற்கும், வலு போயிருக்கும். கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள்: பென்சில் முனைபோல் கறுப்பாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

வார்ப்பிரும்பு மட்டமான சரக்கல்ல. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1660களில் பதித்த குழாய்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீரும் மண்ணும்தான்.

இரவெல்லாம் தேங்கிய காலைத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காதீர்கள். தெளியும்வரை ஓடவிட்டு, அதைச் செடிக்கு ஊற்றுங்கள். அந்தக் காலத்தில் பொருத்துகளை ஈயம் உருக்கி அடைப்பது வழக்கமாக இருந்தது; அது தண்ணீரில் கலக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் பைப்பை மாற்றுவதில் தாமதமே வேண்டாம்.

கசிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடாமல், முழு வரிசையையும் பிவிசிக்கு மாற்றுங்கள். எங்காவது பழைய இரும்பு மிஞ்சினால், அதோடு செம்புத் துண்டை நேரடியாக இணைக்க விடாதீர்கள், இரும்பு இன்னும் வேகமாக அரிபட்டுப்போகும். வேலையை மே மாதத்துக்குள் முடியுங்கள்; தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காது.