வாகன வாயு சங்கிரகம்

1. விஷய நிர்ணயம்

ஆகாயத்திற்கு ஓசை ஒன்றே குணமென்றும், காற்றுக்கு ஓசையோடு ஊறும் சேர்ந்து இரண்டு குணங்களென்றும் வகுத்துச் சொன்ன நம் தத்துவ நூலார், உடம்பினுள் உலவும் வாயுக்களைப் பிராணன் முதல் தனஞ்செயன் ஈறாகப் பத்தென்று பெயரிட்டு எண்ணியும் வைத்தார்கள். அத்தனை நுட்பமாக எண்ணியவர்கள், டயருக்குள் இருக்கவேண்டியதும், வேண்டிய வேளை பார்த்து இல்லாமற் போவதுமாகிய பதினோராவது வாயுவைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாமல் விட்டது சாஸ்திரத்திற்கு நேர்ந்த பெருங்குறை. அக்குறையை இயன்ற மட்டும் நிவர்த்தி செய்வதே இச்சிறு நூலின் பிரயோஜனம்.

நூலின் விஷயம், பிக்கப் வண்டியிலேயே ஒரு கம்ப்ரசரை நிரந்தரமாகப் பொருத்தி, வண்டி போகுமிடமெல்லாம் காற்றையும் உடன் கொண்டு போகும் உபாயம். நூலின் நிலம் ஜொகூர். நூலைக் கற்பதற்குரிய அதிகாரி, சொந்தமாகப் பிக்கப் வைத்திருப்பவனும், கையில் அதிகப் பணம் இல்லாதவனும், இரண்டாவது உண்மையை அடிக்கடி மறந்துவிடுபவனும் ஆவான். அவனுக்கும் நூலுக்கும் உள்ள சம்பந்தம், பாதி இறங்கிய டயரோடு செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் பொழுது சாயும் நேரத்தில் அவன் நிற்கும்போது தானே விளங்கும்.

பாசிர் கூடாங் துறைமுகத்திற்கும் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திற்கும் கொள்கலன் ஏற்றிச் செல்லும் கனரக லோரிகள் நம் விசாரணைக்குப் புறம்பானவை. ரயிலுக்கென்று ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கண்ட காற்றுப் பிரேக்கின் வழித்தோன்றல்களையே அவையும் பூண்டிருப்பதால், கம்ப்ரசரும் தொட்டியும் அவற்றுக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டன. பிறவிச் செல்வர்க்குச் சிக்கன சாஸ்திரம் உபதேசிப்பது வீண்.

2. சரித்திரம்

காற்றடைத்த சக்கரத்திற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். உலகம் அதைச் சௌகரியமாக மறந்துவிட்டது. பின்னர் 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியம் செய்துவந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளின் அதிர்ச்சியைக் குறைக்க வேண்டி அதே சங்கதியை மறுபடியும் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாம்சனுடைய பழைய காப்புரிமை வெளிப்பட்டு, டன்லப்பின் உரிமை செல்லாது என்று ஆயிற்று. காற்றைத் தம் உடைமையென்று பத்திரம் எழுதிக்கொள்ள முயன்றவர்களுக்கு நேர்ந்த முதல் தோல்வி இது. கடைசித் தோல்வி அன்று என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

சக்கரத்தின் தோல் சமாசாரம் நமக்கு இன்னும் அணுக்கமானது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்க் காடுகள் பெருகின. டன்லப் பெயர் தாங்கிய கம்பெனியே இங்கு தோட்டங்கள் வைத்திருந்தது. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழர்களின் உழைப்பு உலகத்துச் சாலைகளில் எல்லாம் உருண்டது. இவ்வாறு ஒரு தேசத்தார் யோசனையையும், மற்றொரு தேசத்தார் தோலையும் அளித்துவிட, உள்ளே அடைக்கவேண்டிய காற்றை மட்டும் அளிக்கும் பொறுப்பை எத்தேசத்தாரும் ஏற்காமல், வண்டிக்காரன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

3. தேச இயல்பு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் காஹாங் என்றோர் ஊர் உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு ஜொகூர்ப் பக்கத்து வாசலாகிய கம்போங் பெத்தாவுக்கு அங்கிருந்து சுமார் 56 கிலோமீட்டர் மண்சாலையில் போகவேண்டும். நான்கு சக்கரங்களும் உந்துகிற வண்டிக்கே அது வசப்படும். மழை பெய்த செம்மண்ணில் முப்பத்தைந்து பிஎஸ்ஐ காற்றோடு விறைத்து நிற்கும் டயர் வழுக்கும். பதினெட்டுக்கு இறக்கினால் அது தரையோடு நீளப் படிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அப்படி இறக்கிய டயரோடு தார்ச்சாலையில் வேகமாக ஓடினால், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் அழியும். ஆகையால் போகும்போது இறக்குவதும் வரும்போது ஏற்றுவதும் நித்திய கர்மங்கள். இறக்குவதற்கு ஒரு சிறு குச்சி போதும். ஏற்றுவதற்குத்தான் சாஸ்திரம் வேண்டியிருக்கிறது.

இடத்தோடு காலமும் சதி செய்யும். ஜொகூர் அரசாங்கம் 2014 முதல் 2024 முடிய வெள்ளியையும் சனியையும் வார விடுமுறையாக வைத்திருந்து, 2025 பிறந்ததும் சனிக்கும் ஞாயிற்றுக்கும் மாற்றியது. இம்மாற்றத்தால் பள்ளிக்கூடங்களும் கச்சேரிகளும் பெரிதும் அலைக்கழிந்தன. டயர் மாத்திரம் எந்த ஏற்பாட்டிலும், கடை சாத்தியிருக்கும் நாளிலேயே காற்றிறங்கும் தன் விரதத்தைக் கைவிடவில்லை.

4. மும்மத விசாரணை

காற்றைச் சம்பாதிக்கும் மார்க்கத்தில் மூன்று மதங்கள் உண்டு. காலால் மிதிக்கும் பம்பையே நம்பும் நான்காவது மதம் ஒன்றும் இருந்தது. அதன் அடியார்கள் மூன்றாவது டயரிலேயே மதம் மாறிவிடுவதால் அதைத் தனியே விசாரிக்க வேண்டியதில்லை.

முதலாவது மின்சார மதம். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசரை வாங்கி, பானெட்டுக்குள் இடமிருந்தால் அங்கும், இல்லையேல் ஆசனத்திற்கு அடியிலும் பொருத்தி, ரிலேயும் ஃபியூஸும் இடையே வைத்து பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பது இதன் அனுஷ்டானம். உபயோகமான கம்ப்ரசர் முப்பது ஆம்பியர் வரை இழுக்கும் என்பதை அறியாமல் சிகரெட் லைட்டர் துளையில் செருகுபவன், காற்றைப் பெறுமுன் இருளைப் பெறுவான். இம்மதத்தில் செலவும் குறைவு, சிக்கலும் குறைவு. சற்று ஓடியதும் சூடேறி ஓய்வு கேட்கும் என்பது ஒன்றே குற்றம்.

இரண்டாவது பெல்ட் மதம். பழைய இரும்புக் கடையிலோ, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்திறங்கும் கார்களைப் பிரித்து விற்கும் கடையிலோ ஒரு பழைய ஏர்கோன் கம்ப்ரசரைப் பேரம் பேசி வாங்கி, தாங்கி ஒன்று பற்றவைத்து, என்ஜின் பெல்ட்டாலேயே ஓட்டுவது. காற்றின் அளவில் இதற்கு நிகரில்லை. ஆனால் தன் வயிற்றிலேயே எண்ணெய் வைத்திருக்கும் யார்க் வகையைத் தவிர மற்றவை பெரும்பாலும் குளிர்வாயுவோடு சுற்றிவரும் எண்ணெயை நம்பிப் பிறந்தவை. வெறுங்காற்றைக் கொடுத்தால் வறண்டு தேய்ந்து போகும். எண்ணெய் ஊட்டினாலோ, அது காற்றோடு கலந்து வெளிவரும். அதைப் பிரிக்க வேறொரு வடிகட்டி வேண்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ள ஏர்கோன் கம்ப்ரசரையே இதற்குத் தியாகம் செய்யலாமே என்று சிலர் வாதிப்பர். ஜொகூர் வெயிலில், மனைவி மக்களோடு ஒரே வண்டியில் பயணம் செய்யாதவர்கள் சொல்லும் வாதம் அது.

மூன்றாவது சிலிண்டர் மதம். கரியமில வாயுவைத் திரவமாக அடைத்து வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ரெகுலேட்டர் வழியே திறந்துவிடுவது. ஒரு கிலோ திரவம் ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். சத்தமில்லை, கம்பியில்லை, காத்திருப்பில்லை. ஆயினும் அவ்வாயு 31 பாகைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நில்லாது என்பது பௌதிக விதி. ஜொகூரிலோ அந்த 31 பாகை நடுப்பகலின் சாதாரண நிலை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் ஒரு சிலிண்டரை வைத்துவிட்டு ஒட்டுக்கடையில் நிம்மதியாகத் தே தாரிக் குடிப்பது ஞானிகளுக்கே கூடும். மேலும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஆகவே அதிகாரிக்கு ஏற்றது மின்சார மதமே என்று துணிகிறோம்.

5. பூரக கும்பக ரேசக இயல்

பிராணாயாமம் பயில்வோர் உள்ளே இழுத்தலைப் பூரகமென்றும், அடக்கி வைத்தலைக் கும்பகமென்றும், வெளியே விடுதலை ரேசகமென்றும் சொல்வர். கம்ப்ரசர் செய்வது பூரகம். தொட்டி செய்வது கும்பகம். குழாய் செய்வது ரேசகம். யோகிகளைப் போலவே வண்டிக்காரர்களும் கும்பகத்திலேயே மயங்குகிறார்கள். தொட்டி பெரிதாக இருந்தால் காற்றும் மிகுதியாக இருக்கும் என்னும் மயக்கத்தைக் கணக்கினாலன்றிப் போக்க இயலாது.

ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி நமக்குப் பிரமாணம். ஒரு டயரின் கொள்ளளவு 60 லிட்டர் என்று கொள்வோம். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து பிஎஸ்ஐக்கு உயர்த்த, வெளியிலுள்ள சாதாரணக் காற்றில் ஏறக்குறைய 70 லிட்டர் உள்ளே போகவேண்டும். நான்கு டயருக்கு 280 லிட்டர். இனி, 120 பிஎஸ்ஐக்கு நிரப்பிய பத்து லிட்டர்த் தொட்டி, முப்பத்தைந்துக்கு இறங்கும்வரை கொடுக்கக்கூடியது 58 லிட்டர்தான். வண்டியின் அடியில் கம்பீரமாகத் தொங்கி, பார்ப்பவர் நெஞ்சில் பொறாமையை விளைக்கும் அத்தொட்டி ஒரு டயருக்கும் பற்றாது என்பது சித்தித்தது. நிமிஷத்திற்கு 30 லிட்டர் தரும் கம்ப்ரசரோ, தொட்டியே இல்லாமல், பத்து நிமிஷத்திற்கும் சற்றுக் குறைந்த நேரத்தில் நான்கையும் நிரப்பிவிடும். பூரகமே பிரதானம்; கும்பகம் அலங்காரம். சக்கர நட்டைக் கழற்றும் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மட்டும் அந்த அலங்காரத்தால் ஓரளவு பயனுண்டு.

6. தோஷ நிவாரணம்

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். ஆதலால் கம்ப்ரசரை அடுத்த முதல் ஒரு முழக் குழாய் உலோகப் பின்னல் போர்த்ததாக இருக்கவேண்டும். வெறும் ரப்பர்க் குழாய் இளகிவிடும். சூடு ஆறும்போது ஈரம் படியும். முப்பது பாகையில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர்க் காற்று சுமார் 30 கிராம் நீரைச் சுமக்கும். வடகிழக்குப் பருவ மழையில் மெர்சிங் பக்கத்துக் காற்று அந்நிறைவை அடைவதில் சோம்பல் காட்டுவதில்லை. தொட்டியின் அடியில் வடிகால் திருகு வைத்து அவ்வப்போது திறவாதவனுக்குத் துரு உள்ளேயிருந்தே தொட்டியைத் தின்றுவிடும்.

90 பிஎஸ்ஐயில் தொடங்கி 120இல் நிறுத்தும் பிரஷர் சுவிட்ச், தொட்டியிலிருந்து காற்று திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு, சுவிட்ச் பழுதானால் தானே திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. தொட்டிக்குப் பழைய லோரியின் பிரேக் தொட்டியைத் துருப் பார்த்து வாங்குவது உத்தமம். தண்ணீர்க் குழாயாகிய பிவிசியில் தொட்டி செய்வது அதமத்திலும் அதமம்; அது கிழிவதில்லை, சில்லு சில்லாகச் சிதறும். இவ்விடத்தில் மட்டும் ஆராய்ச்சியாளர் பரிகாசத்தை விலக்கிப் பேசுகிறார் என்று அறிக.

7. பூர்வபட்சமும் சித்தாந்தமும்

"பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசமாக இருக்க, இத்தனை ஆடம்பரம் எதற்கு?" என்பது பூர்வபட்சம். இலவசமாகக் கிடைக்கும் காற்று, முதலாவது, காஹாங் காட்டுக்குள் கிடைப்பதில்லை. இரண்டாவது, கிடைக்கும் இடத்தில் அந்த இயந்திரம் பழுதாகியிருப்பதும், பழுதாகாத இடத்தில் நீண்ட வரிசை நிற்பதும் பிரத்தியட்சம். ஆதலால் பூர்வபட்சம் விழுந்தது.

அதனினும் வலிய ஆட்சேபத்தை எதிரிகள் கிளப்பவில்லை, நாமே கிளப்புகிறோம். கம்ப்ரசர் பொருத்திய செய்தி ஒரு தோட்டத்தில் பரவ வெகு காலம் ஆவதில்லை. முதலில் மைத்துனனுடைய மோட்டார் வரும். அடுத்து, செம்பனைக் குலைகளை ஏற்றித் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிகள், முள் குத்திய டயரை ஒட்டிக்கொண்டு வரிசையாக வரும். பின்பு பிள்ளைகளின் பந்து. பின்பு திருவிழாவுக்குக் கட்டவேண்டிய பலூன். "அண்ணே, கொஞ்சம் காத்து இருக்குமா?" என்று கேட்பவனிடம் என்ன விடை சொல்வது? பணம் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். அரிசி கேட்டால் நேற்றே தீர்ந்ததென்று சொல்லலாம். காற்று இல்லை என்று சொல்ல, கேட்பவனும் சொல்பவனும் அதையே சுவாசித்துக்கொண்டு நிற்கையில், எந்த நாவுக்கும் துணிவு வராது. கம்ப்ரசருக்காவது சூடேறினால் ஓய்வுண்டு. உடையவனுக்கு அதுவும் இல்லை.

இதனால் பெறப்படுவது யாதெனின், வண்டியில் கம்ப்ரசர் பொருத்துதல் சில நூறு வெள்ளியில் முடிகிற காரியமேயாயினும், அதைப் பொருத்தியவன் தனி மனிதன் என்னும் நிலையினின்று நீங்கி ஒரு தர்ம ஸ்தாபனமாகிவிடுகிறான். செலவு இயந்திரத்தில் இல்லை, ஸ்தாபனத்தை நடத்துவதில் இருக்கிறது. டயர் நான்கே; கேட்டு வருவோர்க்குத் தொகையில்லை. எனவே தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போது டயரை எண்ணாமல் அண்டை அயலாரை எண்ணவேண்டும். அப்படி எண்ணினால் பெரிய தொட்டியல்லவா வேண்டும் என்று வாசகர் விரைந்து முடிவு செய்யலாகாது. சிறிய தொட்டியே சிலாக்கியம். அது நிரம்பும்வரை வந்தவர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் பேசாமல் இரார். எந்தக் கடையில் பழைய டயர் மலிவு, எந்த ஆற்றில் வெள்ளம், யார் வீட்டுப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது என்னும் விஷயங்களெல்லாம் அந்த அவகாசத்தில் உடையவனுக்கு வந்து சேரும். கொடுத்த காற்றுக்கு அவன் பெறக்கூடிய வாடகை இது ஒன்றே. பெரிய தொட்டிக்காரனுக்கு அதுவும் கிடைப்பதில்லை.