பட்டாளத்தார் பதில்கள்

● எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் நாற்பது வயதுகூட ஆகாதவர்கள் இருக்கிறார்களே, அதற்குள் ஓய்வா?
– வாசகர், குடியாத்தம்

பதினெட்டில் சேர்ந்த சிப்பாய் 15 வருட சர்வீஸ் முடித்தால் பென்ஷன் உண்டு. நாம் வீட்டுக் கடனுக்கு மனுப் போடும் வயதில் அவர் பென்ஷன்தாரர். ஊர்ப் பொதுவேலைக்கு இழுத்துவிட இதைவிடத் தோதான ஆள் கிடைக்கமாட்டார்.

● வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதெல்லாம் ஒரு பெருமையா?
– கல்லூரி மாணவி, வேலூர்

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர்விட்டதாகவும் கல்வெட்டு உண்டு. மக்கானில் 1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத்தூண். புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவுகளில் கொதித்து, ஜூலை 10 விடியுமுன் வெள்ளைக்காரன் மீதே துப்பாக்கியைத் திருப்பியவர்களும் அவன் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள்தான். அடங்கிப் போனவர், எதிர்த்து நின்றவர், இரண்டு பேருமே நம் தாத்தாக்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கம் இரண்டு இடத்திலும் மாலை போடட்டும். கூடவே, கல்லில் வெறும் எண்ணிக்கையாக நிற்கும் அந்த 14 பேரின் பெயரையும் ஊரையும் தேடி எழுதி வைக்கட்டும். மாலை மறுநாளே வாடிவிடும்.

● கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பதைத் தவிர இந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன?
– வாசகர், ஆரணி

காகிதத்தோடு சண்டை போடுகின்றன. கணவர் இறந்ததும் குடும்ப பென்ஷனுக்கு மனைவி மனுக் கொடுப்பார். ஆதாரில் ஒரு பெயர், ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் ஏட்டில் வேறு பெயர், பிறந்த தேதியில் மூன்றாவது குளறுபடி. வெலிங்டனுக்கு எழுது, பெங்களூருக்கு எழுது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நட என்று அந்தம்மா அலைவார். அப்போது கூடப்போய் உட்கார்ந்து மனு எழுதித் தருகிற ஹவில்தார் ஒருவர் இருந்தால், அந்தச் சங்கத்துக்குத் தனிக் கட்டடம்கூடத் தேவையில்லை.

● எக்ஸ்-சர்வீஸ்மேன் என்றாலே எனக்குக் கேன்டீன் ரம்தான் ஞாபகம் வருகிறது. தப்பா?
– வாசகர், திருப்பத்தூர்

ஞாபகம் வருவது தப்பில்லை. அவர் வீட்டுக்கே போய் நிற்பதுதான் தப்பு. கோட்டா அவருக்கு, வெளியில் விற்கவும் கூடாது. பனியில் நின்றவர் அவர், குளிர் மட்டும் உங்களுக்கா?

● முன்னாள் படைவீரர் தினம் என்று ஒன்று உண்டாமே?
– வாசகி, ஆம்பூர்

உண்டு, ஜனவரி 14. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள். நம் ஊரில் அன்று போகி, இல்லாவிட்டால் பொங்கல். மாலை மரியாதையோடு மேடையில் இருக்க வேண்டியவர் ஒட்டடைக் கம்போடு பரண்மேல் இருப்பார். வீட்டம்மா உத்தரவு, கீழ்ப்படிந்து பழகியவர்!

● கொடிநாள் உண்டியலில் போடும் காசு எங்கே போகிறது?
– பள்ளி மாணவன், காட்பாடி

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். போரில் இறந்தவர் குடும்பம், ஊனமுற்ற வீரர், முன்னாள் படைவீரர் ஆகியோரின் நலனுக்கு அந்தப் பணம். சட்டையில் கொடி குத்திக்கொண்டு செல்ஃபி எடுப்பது இலவசம். உண்டியலையும் கொஞ்சம் பாருங்கள்.

● என் மகன் பட்டாளத்தில் சேர ஆசைப்படுகிறான். யாரைப் பார்ப்பது?
– தந்தை, கணியம்பாடி

பக்கத்திலேயே கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்து, விடியற்காலையில் 1,600 மீட்டர் ஓடவைக்கச் சொல்லுங்கள். பையனுக்கு ஆசை உண்மையா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். இப்போதைய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தால் நாலு வருடம்தான், நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் கிடையாது என்பதையும் அவரே உடைத்துச் சொல்லிவிடுவார்.

● ‘அமரன்’ படம் பார்த்து அழுதேன். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, ராணிப்பேட்டை

அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜனுக்காக அழுதது நியாயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் தெருவில் பட்டாளத்தார் மனைவி யாராவது தனியாக இருக்கிறாரா என்று பாருங்கள். பென்ஷன் நிற்காமலிருக்க வருடா வருடம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இப்போது அது செல்போனிலேயே முடிகிற வேலை. உங்களிடம் போன் இருக்கிறது, போய்ச் செய்து கொடுங்கள்.